கம்பிப் பாகும் கார் எண்ணெயும்

'விஸ்காசிட்டி' என்னும் சொல்லுக்கு ஈடாகத் தமிழ்ப் பாடநூல்களில் 'பாகுநிலை' என்ற சொல் வழங்குகிறது. கலைச்சொல்லாக்கத்தில் நாம் பட்ட பாடுகள் பல. இந்த ஒரு சொல் மட்டும் அடுப்பங்கரையிலிருந்து தானே எழுந்து வந்து ஆய்வுக்கூடத்தில் அமர்ந்துகொண்டதோ என்று தோன்றும். குலாப் ஜாமூனுக்குப் பிசுக்குப் பதம். மைசூர்பாகுக்கு ஒற்றைக் கம்பி. அதிரசத்துக்குத் தண்ணீரில் இட்டால் உருண்டு வரும் பதம். பொருள்விளங்கா உருண்டைக்குத் தட்டில் போட்டால் ஓசை எழும் கெட்டிப் பதம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பாகுநிலையை அளக்கத் தெரிந்த சமூகம் நம்முடையது. பதம் தவறினால் பண்டமே வேறாகிவிடும் என்று எந்தப் பாட்டிக்கும் யாரும் பாடம் நடத்தியதில்லை.

இத்தனை பீடிகையும் எஞ்சின் ஆயில் பற்றி எழுதுவதற்காக. இலக்கிய நண்பர்கள் பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் உண்டு. ஒன்று, பெரியவர் 1998இல் வாங்கிய மாருதி 800. பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். விற்க மனம் வரவில்லை. மற்றொன்று 2021இல் வாங்கிய பெட்ரோல் கார். உத்தரவாதக் காலமும் கம்பெனி சர்வீஸும் முடிந்தபின் அதுவும் மூத்த வண்டியைப் பின்பற்றி, லஸ்ஸுக்கும் கபாலீசுவரர் கோயில் குளத்துக்கும் இடையே ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அறுபதைக் கடந்தவர். அம்பாசடர் காலத்திலிருந்து ஸ்பேனர் பிடிப்பவர். பட்டறையின் மூலையில் 210 லிட்டர் பீப்பாய் ஒன்று நிற்கும். அதில் இருப்பது 20டபிள்யூ-40. வருகிற வண்டிகள் யாவற்றுக்கும் அதிலிருந்துதான் வார்ப்பார்.

புதிய காரின் கையேடு 0டபிள்யூ-20 எண்ணெயை முதலாவதாகவும், 5டபிள்யூ-30ஐ ஏற்கத்தக்க மாற்றாகவும் குறிப்பிடுகிறது. நாங்கள் வாங்கிச் சென்ற 0டபிள்யூ-20 டப்பாவைத் திறந்து இரண்டு சொட்டு விரலில் விட்டுத் தேய்த்துப் பார்த்தார் அண்ணன். முகம் சுளித்தது.

"இது தண்ணி சார். மெட்ராஸ் வெயிலுக்கு இது தாங்காது. கெட்டியா ஊத்துனாத்தான் எஞ்சின் நிக்கும். நாப்பது வருஷமா பாக்குறேன், கேளுங்க."

நாற்பது வருடம் என்பது எளிதில் மறுக்கக்கூடிய ஆதாரம் இல்லை. அவர் கைபட்டுத்தான் எங்கள் மாருதி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. மறுபுறம், எஞ்சினை வடிவமைத்தவர்கள் அச்சிட்டுத் தந்த கையேடு. ஒரு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதற்கு ஆகும் செலவை நினைத்தால், தாட்சணியத்துக்காக ஒரு பக்கம் சாய்வதும் இயலாது. அவரை மறுப்பதானால் காரணம் அறிந்து மறுக்க வேண்டும், ஒப்புவதானாலும் அப்படியே. ஆகவே அன்று எண்ணெய் மாற்றாமலே வண்டியைத் திருப்பி எடுத்து வந்து, படிக்கத் தொடங்கினோம்.

முதலில் அந்த டபிள்யூ. 'வெயிட்' என்பதன் முதலெழுத்து என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். அது குளிர்காலத்தைக் குறிக்கும் 'விண்டர்'. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ. 1911இல் எண்ணெய்களைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. இன்றும் டப்பாவின் மேல் நாம் காணும் எண்கள் அந்த வழியில் வந்தவை. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்ற எண்ணெய் இடம் தருகிறதா என்பதைச் சொல்லும். 20டபிள்யூ என்றால் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் அந்தச் சோதனை. 0டபிள்யூ என்றால் கீழே 35 டிகிரியில். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். மார்கழிக் காலையில் குல்லாயும் மப்ளருமாக மாடவீதியைச் சுற்றி வரும் நமக்கு இந்த முதலெண்ணைக் கண்டு அஞ்ச வேண்டிய தேவை இல்லை. எந்தத் தரத்து எண்ணெயை ஊற்றினாலும் வண்டி கிளம்பிவிடும்.

இரண்டாம் எண்தான் விவகாரம். அது 100 டிகிரி செல்சியஸில், அதாவது எஞ்சின் நன்கு சூடேறியபின், எண்ணெய்க்குள்ள பாகுநிலையைச் சொல்வது. அளவை சென்டிஸ்டோக்ஸ். 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை, 30 என்றால் 12.5 வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. பாகுநிலைக்கு இன்னோர் அலகும் உண்டு, பெயர் பாய்ஸ். மெல்லிய குழாய்களில் திரவம் எப்படி ஓடுகிறது என்று 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்த புவாசேய் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் அமைந்தது. அவர் ஒரு மருத்துவர். அவரை ஆராயத் தூண்டியது மனித இரத்த ஓட்டம். 'ஆயில்தான் சார் வண்டிக்கு ரத்தம்' என்று அண்ணன் அடிக்கடி சொல்வது ஒருவகையில் வரலாற்று உண்மையும் ஆகிறது.

இனி விரலுக்கு வருவோம். எண்ணெய் நிறுவனங்கள் 100 டிகிரியோடு 40 டிகிரியிலும் பாகுநிலையை அளந்து வெளியிடுகின்றன. மேலைநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு 40 டிகிரி என்பது வெறும் ஒப்பீட்டுப் புள்ளி. நமக்கோ அது கத்திரி வெயிலின் நண்பகல். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரியே பதிவாகியிருக்கிறது. அந்த 40 டிகிரியில் ஒரு 20டபிள்யூ-50 எண்ணெய் ஏறத்தாழ 160 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். 0டபிள்யூ-20 எண்ணெயோ 45ஐ ஒட்டி. எஞ்சின் சூடேறியபின் முன்னது 18க்கும் பின்னது 8க்கும் இறங்கிவிடும். ஆக, தண்ணீர் என்று அண்ணன் ஒதுக்கிய எண்ணெய், பாண்டி பஜாரில் மே மாத மதியத்தில் நிறுத்தி வைத்த வண்டிக்குள்கூட, தான் வேலை செய்ய வேண்டிய பதத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. நம் ஊர் வெயில் மனிதருக்கு வெயில். எண்ணெய்க்கு அது காலைக் குளிர்.

எஞ்சினுக்குள் நிலவும் சூட்டை முடிவு செய்வதில் ஊரின் வெயிலுக்குள்ள பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறிது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு குளிர்நீரை ஏறத்தாழ 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கும், வெளியே உதகமண்டலமாக இருந்தாலும் தியாகராய நகராக இருந்தாலும்.

விரல் பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வது விரலின் சூட்டில் உள்ள செய்தியை. இதற்கு நல்ல சான்று 0டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்னும் இரண்டும். விரலில் தேய்த்தால் முதலாவது நீர்த்தும் இரண்டாவது கனத்தும் தோன்றும். 100 டிகிரியில் இரண்டும் ஒரே வரம்புக்குள் அடங்கியவை. சூட்டில் அதிகம் நீர்த்துப் போகாத குணத்தை அளக்க 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஓர் அளவுகோலை வகுத்தார்கள்: பென்சில்வேனியக் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததற்கு 100, வளைகுடாக் கரையோரக் கச்சாவிலிருந்து எடுத்ததற்குச் சுழியம். இன்றைய நல்ல எண்ணெய்கள் அந்த நூறைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டன. பாகு காய்ச்சும் பாட்டி, பாகு எந்தச் சூட்டில் உறைய வேண்டுமோ அந்தச் சூட்டுக்கு இறக்கி, தண்ணீரில் விட்டுச் சோதிக்கிறாள். பட்டறையில் அந்த வாய்ப்பு இல்லை. கொதிக்கும் எண்ணெயில் யாரும் விரல் வைக்க முடியாது.

சரி, பாகுநிலை எதற்குத்தான் வேண்டும்? இங்கே ஓர் அழகான கதை உண்டு. 1883ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் இரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கியில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறம் ஒரு துளை இட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர முளையை அடித்தார். அதுவும் மெல்ல வெளியேறியது. அழுத்தமானி பொருத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது: சுழலும் அச்சே எண்ணெயை இழுத்து இடுக்குக்குள் ஆப்பு போலச் செருகுகிறது, அந்த எண்ணெய்ப் படலத்தின் அழுத்தம் முழுச் சுமையையும் தூக்கி நிறுத்துகிறது, இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். நம் காரின் கிராங்க் ஷாஃப்ட்டும் இப்படித்தான், தலைமயிரின் கனத்தில் சிறு பங்கே கனமுள்ள ஒரு படலத்தின் மீது மிதந்துகொண்டிருக்கிறது.

படலம் நிற்பதற்குப் பாகுநிலை, வேகம், சுமை, இடைவெளி ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். இடைவெளி பெரிதானால் கெட்டி எண்ணெய் கேட்கும். சிறிதானால் நீர்த்த எண்ணெய் போதும். அம்பாசடர் காலத்து எஞ்சின்களில் இடைவெளிகள் தாராளம். உழைத்துத் தேய்ந்தபின் இன்னும் தாராளம். 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் அடங்கும், எண்ணெய் அழுத்தம் ஏறும், புகையும் குறையும். அண்ணன் நாற்பது வருடம் கண்டது இதைத்தான், சரியாகவே கண்டிருக்கிறார். எஞ்சின்தான் மாறிவிட்டது. இன்றைய எஞ்சினில் எண்ணெய்க்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது: வால்வுகள் திறக்கும் நேரத்தை வேகத்துக்கேற்ப முன்பின் நகர்த்தும் பொறிக்கு எண்ணெய்தான் கை. மெல்லிய வழிகளில் அது நேரத்துக்குப் பாய்ந்து போக வேண்டும். அங்கே கனத்த எண்ணெய் தயங்கி நிற்கும். பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

இவ்விடத்தில் ஓர் இடைச்செருகல். தமிழகத்தில் எந்திரங்களுக்கு இடும் எண்ணெயை 'மசகு எண்ணெய்' என்கிறோம். இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் அதே சொல் கச்சா எண்ணெயைக் குறிக்கும். சொல்லின் வேர் மாட்டு வண்டியில் இருக்கிறது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து அச்சாணியோரம் பூசும் கருப்புப் பசைக்கு மசகு என்று பெயர். வண்டி மை என்பாரும் உண்டு. ஆமணக்கு எண்ணெய் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். முதல் உலகப்போரின் விமான எஞ்சின்கள் பல விளக்கெண்ணெயில் ஓடின. 'காஸ்ட்ரால்' என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து 1909இல் பிறந்தது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, சிறுவயதில் தாத்தாவின் வண்டிக்கு மசகு குழைத்த கை இது என்று சிரித்தார். நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் முன்னமே கையால் அறிந்திருந்தார்.

அண்ணன் கட்சிக்கு இன்னும் ஒரு வலுவான சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 150 டிகிரி சூட்டில், தாங்கிக்குள் நசுங்கும் நிலையில், எண்ணெய் எவ்வளவு தாக்குப் பிடிக்கிறது என்று ஒரு சோதனை இருக்கிறது. 20 தரத்துக்கு அதில் குறைந்தது 2.6 இருந்தால் போதும்; 30க்கு 2.9, 20டபிள்யூ-40க்கோ 3.7 வேண்டும். பாதுகாப்பு விளிம்பு கெட்டி எண்ணெயில் அதிகம் என்பது மெய். கார்க் கம்பெனிகள் நீர்த்த எண்ணெயை விரும்புவதற்கு எஞ்சினின் நலம் ஒன்றே காரணமும் அன்று. விற்கும் கார்கள் அனைத்தின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு அரசு வரம்பு விதித்திருக்கிறது. இந்தியாவில் 2017 முதல் அது நடைமுறையில் உள்ளது, 2022இல் மேலும் இறுகியது. உராய்வில் மிச்சமாகும் சிறு விழுக்காடும் அவர்களுக்குப் பொன். ஒரே எஞ்சினுக்கு அமெரிக்கக் கையேட்டில் 0டபிள்யூ-20 ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, ஆஸ்திரேலியக் கையேட்டில் கனத்த தரங்கள் பலவற்றையும் அனுமதித்த ஜப்பானியக் கம்பெனிகள் உண்டு. கையேடும் மனிதர் எழுதியதுதான். அதற்கும் உரையாசிரியர் தேவைப்படுகிறார்.

ஆகவே எங்கள் முடிவு, கையேட்டின் எல்லைக்குள் நின்று, அதன் கனத்த ஓரத்தைத் தேர்வது. புதிய காருக்கு 5டபிள்யூ-30. மாருதி 800க்குப் பழையபடி பீப்பாயிலிருந்து 20டபிள்யூ-40. சென்னைக்கு வெளியே நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் 0டபிள்யூ-20க்கே போயிருக்கலாம். எங்கள் ஓட்டமோ மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கும் அடையாறுக்கும். ஒவ்வொன்றும் நான்கைந்து கிலோமீட்டர். மெட்ரோ இரயில் இரண்டாம் கட்டப் பணி தொடங்கி லஸ் பக்கம் சாலைகள் திருப்பிவிடப்பட்ட பிறகு, அந்த நான்கைந்து கிலோமீட்டருக்கு அரை மணிநேரம் ஆகிய நாட்கள் உண்டு. இத்தகைய ஓட்டத்தில் எண்ணெய் முழுச் சூட்டை எட்டுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் எண்ணெயிலேயே தங்கி அதை மேலும் நீர்க்கச் செய்கின்றன.

உண்மையில், தரத்தைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தில் பாதியைக் கால அளவைப் பற்றி நடத்தியிருந்தால் பயன் அதிகம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 167 மணிநேர உழைப்பு. உஸ்மான் சாலை வேகமான 15இல் கணக்கிட்டால் 667 மணிநேரம். எண்ணெய்க்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை மணி சுழன்றோம் என்பதுதான் தெரியும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'கடின உபயோகம்' என்று சிறு எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். சென்னைவாசிகள் அனைவரும் அந்த அட்டவணைக்கு உரியவர்களே. நாங்கள் 5,000 கிலோமீட்டரில் அல்லது ஆறு மாதத்தில், எது முந்துகிறதோ அதில், மாற்றுகிறோம். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய கார்கள் சிலவற்றில் அளவுகோலை உருவினால் காப்பி நிறத்தில் பால் கலந்தது போல் வந்தது. அந்நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது.

எங்கள் முடிவை அண்ணனிடம் சொல்லப் போனபோதுதான் பீப்பாயின் பொருளாதாரம் விளங்கியது. 20டபிள்யூ-40 போன்ற எண்ணெய்க்கு, மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலை பல்லாண்டுகளாகத் தயாரித்து வந்த சாதாரண வகை அடிப்படை எண்ணெயே போதும். 0டபிள்யூ-20க்கு அது போதாது. மேலும் பதப்படுத்திய, அல்லது செயற்கையாக ஆக்கிய அடிப்படை எண்ணெய் வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஒரு பீப்பாயில் முதல் போட்டால் தெருவில் உள்ள அத்தனை வண்டிக்கும் ஊற்றலாம் என்பது ஒரு காலம். இப்போது ஒவ்வொரு வண்டியும் தனக்கென ஒரு தரம் கேட்கிறது. அத்தனையும் வாங்கி அடுக்கி வைக்கச் சந்துப் பட்டறைக்கு இடமும் இல்லை, முதலும் இல்லை. 'கெட்டியா ஊத்தணும்' என்னும் கொள்கைக்குள் இந்தக் கவலையும் ஒளிந்திருந்தது என்று பின்னர்தான் தெரிந்தது. நாற்பது டிகிரி, நூறு டிகிரி என்று நாங்கள் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் கேட்டது வேறொன்று.

"எல்லாம் சரி சார். நீங்க டப்பா வாங்கினு வந்துர்றீங்க. எல்லாரும் டப்பா வாங்கினு வந்தா, நான் பீப்பாய என்னா பண்றது?"

இதற்கு ரெனால்ட்ஸிடம் விடை இல்லை. முன்பு ஐந்து மாதத்தில் தீர்ந்த பீப்பாய் இப்போது ஒரு வருடம் நிற்கிறதாம்.

அன்று மாலை தேநீரோடு உட்கார்ந்து, அவரிடம் வழக்கமாக வரும் வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். 2014க்குப் பிறகு வாங்கிய பெட்ரோல் வண்டிகளில் 5டபிள்யூ-30ஐக் கையேடு ஒப்புக்கொள்பவை பதினொன்று தேறின. ஒன்றுக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல். 20 லிட்டர் பக்கெட் ஒன்று வாங்கினால் ஆறு வண்டிக்கு வரும். அடுத்த வாரம் பட்டறைக்குப் போனபோது பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு பக்கெட் நின்றது. மூடியின் மேல் சாக்பீஸால் 'புது வண்டி மட்டும்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே பதினொரு பதிவெண்கள். எங்களுடையது மூன்றாவது.